பெல்ட் போடாத சேல்ஸ் மேனேஜர்

ஜூன் 2, ஞாயிறு

நாளைக்கு ஆபீஸ். நீண்ட லீவு முடிந்துவிட்டது. அலமாரியைத் திறந்து என் பேண்ட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் முன்பக்கம் கொசுவம் மாதிரி பிளீட் வைத்துத் தைத்தவை, இஸ்திரி மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும். கோயம்புத்தூரில் பம்ப் செட் விற்கிற மேனேஜர்களில் இந்தத் திருமூர்த்தி மாதிரி உடுத்துகிற ஆள் கிடையாது என்று நான் சொல்லவில்லை, டீலர்கள் சொல்வார்கள். நான் மறுத்ததும் இல்லை.

ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பெல்ட் சரியாக அதன் மேலேயே உட்கார்ந்தது. கழற்றிவிட்டேன்.

அது என்னவென்று இங்கேயாவது எழுதிவிடுகிறேன். குடலில் கட்டி இருந்தது, வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சக் குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். வெளிக்குப் போவதெல்லாம் இனி அந்தப் பையில்தான், ஆயுசுக்கும். டாக்டர் அதற்கு ஏதோ பேர் சொன்னார். நான் ஒறம்பரை என்று வைத்திருக்கிறேன். விருந்தாளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வந்தவர் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை.

ஆபீஸில் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வாணி வந்து பார்த்தாள். "ஏனுங்க, வீட்டுல போடற டிராக் பேண்ட்டையே போட்டுட்டுப் போங்களேன். இடுப்புல மெத்துனு இருக்குமுங்க."

இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் பேசுகிற பேச்சா இது. அலமாரியைச் சாத்தினேன்.

ஜூன் 3, திங்கள்

பெல்ட் இல்லாமல், பழைய பேண்ட்டின் கொக்கியைத் திறந்துவிட்டு, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போனேன். இன் பண்ணாமல் நான் ஆபீஸ் படி ஏறியது இதுதான் முதல் தடவை. ஜி.எம். வரதராஜன் சார் மேலும் கீழும் பார்த்தார். "என்ன திருமூர்த்தி, இன்னும் உடம்பு தேறலையா?" என்றார்.

உடம்பு தேறிவிட்டது. சட்டைதான் தேறவில்லை. இதை அவரிடம் சொல்ல முடியுமா?

மீட்டிங் ஹாலில் கதவோரம் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கே காற்று நன்றாக வரும்.

ஜூன் 4, செவ்வாய்

லீவு. தலைவலி.

ஜூன் 5, புதன்

இன்றும் தலைவலி. வாணி தைலம் கொண்டுவரவில்லை, கேட்கவும் இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழமை திருப்பூர் போயிட்டு வரலாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 9, ஞாயிறு

திருப்பூர் காதர்பேட்டை. நம் ஊர் பனியன் துணி உலகமெல்லாம் போகிறது, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற எனக்குத்தான் அதன் அருமை தெரியாமல் இருந்திருக்கிறது. கடைப் பையன்கள் டிராக் பேண்ட்டைக் குவித்துப் போட்டார்கள். "ஜிம்முக்குங்களாண்ணா?" என்றான் ஒருவன். "ஆபீஸுக்கு" என்றேன். சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு வேறு கட்டு எடுத்து வந்தான்.

பக்கவாட்டில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா, தள்ளு. முழங்காலில் இங்கிலீஷ் எழுத்தா, தள்ளு. பளபளப்பா, தள்ளு. கணுக்காலில் ரப்பர் போட்டுக் கவ்விப் பிடிப்பது மைதானத்துக்கு, நமக்கு வேண்டாம். கடைசியில் கிடைத்தது ஒன்று: திக்கான பின்னல் துணி, இழுத்தால் நீண்டு விட்டால் தன் இடத்துக்கு வரும். கருநீலம். கீழே போகப் போகச் சிறுத்து, கணுக்காலில் சாதாரண பேண்ட் மாதிரியே மடித்துத் தைத்தது. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் கோட்டுத் துணி பேண்ட் என்று சத்தியம் செய்வார்கள்.

வாணி நிறத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றின் இடுப்புப் பட்டையிலும் கையை விட்டு, விரித்து, எங்கே தையல் வருகிறது என்று தடவிக்கொண்டிருந்தாள். பட்டை அகலமாக, தொப்புளுக்கு மேலே ஏறி உட்காருவதாகப் பார்த்து எடுத்தாள். கடைக்காரர் முன்னால் இதெல்லாம் எதற்கு என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கருநீலத்தில் இரண்டும் கரும்பச்சையில் ஒன்றும் எடுத்தோம், கருநீலம் என் தேர்வு என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

இந்தப் பேண்ட்டில் எல்லாம் சரி, மடிப்பு மட்டும் இல்லை. மடிப்பில்லாத பேண்ட் எனக்கு நெற்றியில் திருநீறில்லாத மாதிரி. தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்து, "கத்தி மாதிரி மடிப்பு வேணும், நல்லா அழுத்து" என்றேன். அவர் சொன்னார், "இது பனியன் துணிங்க சார், கரிப் பெட்டி தாங்காதுங்க." நான் கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் பேண்ட் வந்தது. வலது தொடையில் பெட்டி உட்கார்ந்த இடம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

வாணி சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு இன்னொரு பேண்ட்டை எடுத்து, மடிப்பு வரவேண்டிய இடத்தைக் கிள்ளிப் பிடித்து, அதே நிற நூலில் ஊசியாலேயே மெல்லிய தையல் ஓட்டினாள், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை. தூக்கிப் பிடித்தால் சுத்தமான மடிப்பு. துவைத்தாலும் போகாது, இஸ்திரியும் வேண்டாம். யோசனை என்னுடையது. அவளுடையது என்று அவள் சொல்கிறாள்.

ஜூன் 12, புதன்

இன்று போனேன்.

கருநீலப் பேண்ட். சாம்பல் நிறத்தில் காலர் வைத்த டீ ஷர்ட், துணி கனமானது, வயிற்றில் ஒட்டாமல் தோளிலிருந்து நேராக இறங்குகிறது. கீழ் ஓரம் வளைவில்லாமல் நேராக வெட்டியது, இன் பண்ணவே தேவையில்லை, அப்படி விடுவதற்கென்றே தைத்தது. அதன் மேல் அதே பின்னல் துணியில் லைனிங் இல்லாத பிளேசர். காலில் வெள்ளை ஷூ, எழுத்தும் கலரும் இல்லாத வெறும் தோல். வெள்ளை என்றால் வெள்ளை. ஒரு கறை இருந்தாலும் மொத்த வேஷமும் கலைந்துவிடும்.

லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பத்தொரு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒறம்பரை இருப்பதும் தெரியவில்லை.

ரிசப்ஷனில், "சார், வெளிநாடு போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி வெளிநாடு மாதிரிதான், பாஷை புரியாது. "ஆமா" என்று சொல்லிவைத்தேன். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன், கிருஷ்ணகிரி டீலரோடு நின்றுகொண்டே பேசினேன். ஒரு தடவைகூட இடுப்பில் கை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாணியிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 19, புதன்

சர்வீஸ் மேனேஜர் ஆல்பர்ட் என் மேஜைக்கு வந்து கதவைப் பார்த்துக்கொண்டு குனிந்தார். தொப்பைக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்துகிறவர்.

"திருமூர்த்தி, உண்மையச் சொல்லு. அது ரப்பர் வெச்ச பேண்ட்டுதானே?"

"ஆமா."

"அடப்பாவி. எங்க எடுத்த?"

சொன்னேன். சும்மா எடுத்துப் போட்டால் போதாது என்றும் சொன்னேன். மேலேயும் கீழேயும் ஒரே நிறம் போட்டால் பி.டி. மாஸ்டர் மாதிரி இருக்கும். மூன்றில் ஒன்றுதான் விளையாட்டுச் சாமானாக இருக்கலாம்: பேண்ட் பின்னல் துணி என்றால் மேலே காலர் வேண்டும், ஷூ ஓடுகிற ஷூ என்றால் பிளேசர் வேண்டும். சனிக்கிழமை கடைக்குப் போகும்போது பிளேசரைக் கழற்றிவிட்டு அதே பேண்ட்டோடு வட்டக் கழுத்து டீ ஷர்ட் போட்டுக்கொள்ளலாம், பேண்ட் ஒன்றுமே சொல்லாது. ஆல்பர்ட் பயபக்தியோடு கேட்டார். பாவம், அவர் நான் இதையெல்லாம் ஃபேஷனுக்குச் செய்வதாக நினைக்கிறார்.

நினைக்கட்டும். ஃபேஷனுக்கும்தான்.

ஜூன் 28, வெள்ளி

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

ஆல்பர்ட் போட்டார், நன்றாக இருந்தது. அவரைப் பார்த்து அக்கவுண்ட்ஸ் போட்டது. அக்கவுண்ட்ஸைப் பார்த்து டிஸ்பேட்ச். நாற்பது தாண்டிய ஆண்பிள்ளைகளின் தொப்பைகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் சுதந்திரம் கிடைத்துவிட்டது. ஆனால் இவர்கள் யாரிடம் கேட்டுப் போட்டார்கள்? இன்று டிஸ்பேட்ச் இன்சார்ஜ் பச்சைக் கோடு போட்ட பேண்ட்டும், நெஞ்சில் புலி வாய் பிளந்திருக்கிற பனியனும், ரப்பர் செருப்புமாக வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து சேர்மன் காரிலிருந்து இறங்கினார்.

ஜூலை 1, திங்கள்

சர்க்குலர். டிராக் பேண்ட் வகைகள் ஆபீஸில் கூடாது. ஆண்கள் ஃபார்மல் பேண்ட், சட்டை இன் பண்ணி, பெல்ட் அணிந்து வரவேண்டும். பெல்ட் என்ற வார்த்தையைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஜி.எம். ரூமுக்கு நானே போனேன். அதே கருநீலப் பேண்ட்டோடு.

"உங்க டிரெஸ்ஸப் பத்திப் பிரச்சனை இல்ல திருமூர்த்தி," என்றார் வரதராஜன் சார். "உங்களப் பாத்துக் கெட்டவங்களப் பத்தித்தான். ஹெர்னியான்னா டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. உங்களுக்கு மட்டும் விலக்கு போட்டுடறேன். கூடவே, இந்த டீலர் மீட்டு, டூரு எல்லாம் எதுக்கு உங்களுக்கு? டென்டர் செக்ஷன்ல உக்காந்த வேலையாத் தரேன். ரெஸ்ட் எடுத்த மாதிரியும் இருக்கும்."

நல்ல மனுஷன். நல்ல மனசோடுதான் என்னைக் கொல்லப் பார்த்தார்.

டீலர்களோடு பேசுவதுதான் எனக்கு வேலை, மற்றதெல்லாம் சம்பளம் வாங்குவதற்காகச் செய்வது. லெட்டர் கொடுத்தால் நாளை முதல் நான் நோயாளி. என் பேண்ட் மருந்துக் கட்டு. நான் நன்றாக உடுத்துகிறேன் என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள், பாவம் என்பார்கள். லெட்டர் கொடுக்காவிட்டால் பெல்ட். பெல்ட் போட முடியாது.

"லெட்டர் வேண்டாமுங்க சார். இந்த உடுப்பு மரியாதையா இருக்குதா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க."

யோசித்தார். "பதிமூணாந்தேதி டீலர் மீட். சேர்மனும் வரார். புது சப்மெர்சிபிள் மோட்டாரை நீங்கதான் அறிமுகம் பண்றீங்க. இப்படியே வாங்க, உங்க ஆளுங்களையும் ஒழுங்கா உடுத்திக் கூட்டிட்டு வாங்க. ஒரு டீலர் முகம் சுளிச்சாக்கூட அடுத்த நாள் பெல்ட்டோட வரணும், இல்லாட்டி டென்டர் செக்ஷன். சரிங்களா?"

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் டீலர்கள் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பயமெல்லாம் ஒன்றும் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

கரும்பச்சைப் பேண்ட்டா, கருநீலமா? மூன்று தடவை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். "கல்யாணப் பொண்ணு தோத்தா போங்க," என்றாள் வாணி. கருநீலமே. மேலே தந்த நிறத்தில் காலர் டீ ஷர்ட் எடுக்கலாம் என்று பார்த்து, வேண்டாமென்று வைத்துவிட்டேன். வெளிர் நிறத்தில் ஏதாவது கசிந்தால் தெரியும் என்பதால் அல்ல. அடர்த்தியான நிறம்தான் மேடைக்கு எடுப்பு.

ஜூலை 12, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மோர்சாதம் மட்டும். பயறு, முட்டைக்கோஸ், சோடா எல்லாம் மூன்று நாளாக விலக்கு. வாயு சேரக்கூடாது.

ஜூலை 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹோட்டல் ஹால் நிறைய டீலர்கள். ஈரோடு, கரூர், உடுமலை, கிருஷ்ணகிரி. முன்வரிசையில் சேர்மன், பக்கத்தில் வரதராஜன் சார், இரண்டு பேரும் டை. என் ஆட்கள் என்னோடு நின்றார்கள். ஆல்பர்ட் கறுப்புப் பேண்ட், மெரூன் காலர் டீ ஷர்ட், பழுப்பு ஷூ. டிஸ்பேட்ச் இன்சார்ஜையும் நேற்றே நான் பிடித்து உடுத்திவிட்டேன். புலியைக் கழற்றினால் அவரும் ராஜாதான். நாங்கள் வரிசையாக நின்றபோது எனக்கே கண் பட்டுவிடும் போல இருந்தது.

மேடை ஏறினேன். பேச்சு நன்றாகப் போனது. ஹாலே அமைதியாகக் கேட்டது. புது மோட்டாரின் படம் திரையில் வரவேண்டும், கம்ப்யூட்டர் தாமதம் செய்தது. நான் மைக்கை இடுப்புக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒறம்பரை பேசினார்.

நீளமாகப் பேசினார். மைக் அதை அப்படியே நான்கு மூலை ஸ்பீக்கருக்கும் கொண்டுபோனது. அதில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. இரண்டாவது வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல் விட்டார்கள். சேர்மன் தலையைக் குனிந்துகொண்டார். ஆல்பர்ட் கீழிருந்து சத்தமாக, "மைக்கு கோளாறு, மைக்க மாத்துங்கப்பா," என்று குரல் கொடுத்தார். நல்லவர். அந்தக் கயிற்றைப் பிடித்து நான் ஏறி வந்திருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இத்தனை அழகாக உடுத்திக்கொண்டு நின்று, பழியைத் தூக்கி மைக்கின்மேல் போடுவதா?

"மைக் நல்லாத்தானுங்க இருக்குது," என்றேன். "சத்தம் போட்டது நான்தானுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"எனக்கு ஹெர்னியா இல்லீங்க. குடல்ல கேன்சர் இருந்துது. எடுத்துட்டாங்க. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றனுங்க: என்ர டெலிவரி லைனை டாக்டர் பின்பக்கத்துல அடைச்சுட்டு, இதா, இடப்பக்கமாத் திருப்பி வெளிய எடுத்து விட்டுட்டாருங்க. பைப் முனையில ஒரு பை. அதுக்கு கேட் வால்வு கெடையாது. அது நெனைச்சா பேசும். பெல்ட் போட்டா லைன் நசுங்குமுங்க, அதுக்குத்தான் இந்த பேண்ட்டு."

இடப்பக்கம் பிளேசரின் மேலேயே கை வைத்துக் காட்டினேன். எழுதுவதில் என்ன வெட்கம், காட்டினேன்.

கோபிச்செட்டிபாளையம் டீலர் சென்னியப்பன் எழுந்தார். பெரியவர், எந்த மோட்டாரையும் காதை வைத்துக் கேட்டுத்தான் எடுப்பார். "ஏனுங் மேனேஜர்," என்றார், "ஓட்டம் நல்லாருக்குதுங்களா?"

"ஃபுல் பிரஷருங்க."

"அப்பறம் என்னங்க. மோட்டாரு படம் வந்துருச்சு பாருங்க, சொல்லுங்க."

ஹால் வெடித்தது. சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தது, நானும் சிரித்தேன். அப்புறம் மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒரு மோட்டாரைப் பற்றி நான் சொன்னதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி நின்றவர்களிடம் ஆபரேஷனைப் பற்றிய கேள்வியை எதிர்பார்த்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். உடுமலைக்காரர் என் பிளேசர் நுனியைத் தடவிக்கொண்டே, "இது எங்கீங்க எடுத்தீங்க? நானும் பாத்துக்கிட்டே இருக்கறன், கோட்டு மாதிரியும் இருக்குது, பனியன் மாதிரியும் இருக்குது," என்றார். அடுத்தவர் பேண்ட்டைக் கேட்டார். அதற்கடுத்தவரும் பேண்ட்டைத்தான்.

வீட்டுக்கு வந்து வாணியிடம் ஒப்பித்தேன். டெலிவரி லைன் வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டவள், சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய்க் கட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு இப்போதுதான்.

ஜூலை 15, திங்கள்

வரதராஜன் சார் கூப்பிட்டார். "லெட்டரே வேண்டாம் திருமூர்த்தி. உங்களுக்கு விலக்கு போட்டாச்சு. டீலர் வேலையும் உங்களோடதுதான்."

"எனக்கு மட்டும்னா வேண்டாமுங்க சார். ஒருத்தரும் முகம் சுளிக்கல. நீங்க வெச்ச பந்தயமுங்க அது."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "அப்ப என்ன போடலாம், என்ன போடக்கூடாதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க. புலி கூடாது."

எழுதிக் கொடுத்தேன். கோடு, எழுத்து, புலி, ரப்பர் செருப்பு கூடாது, காலர் வேண்டும், ஷூ துடைத்திருக்க வேண்டும், பெல்ட் அவரவர் விருப்பம். கையெழுத்து அவருடையது, தமிழ் என்னுடையது. போர்டில் ஒட்டியதும் போய் நின்று படித்தேன். நல்ல நடை.

ஜூலை 28, ஞாயிறு

உடுமலைக்காரர் போன வாரம் போன் செய்தார். அவருடைய மைத்துனன் தாராபுரத்தில் இருக்கிறான், பேர் கதிர்வேல், முப்பத்தாறு வயது. அவனுக்கும் இதே ஆபரேஷன். அதற்குப் பிறகு லுங்கியோடு ரூமுக்குள்ளேயே கிடக்கிறானாம், டீச்சர் வேலைக்குப் போவதில்லை. "நீங்க ஒருக்கா வந்து பேசுனா நல்லாருக்குமுங்க," என்றார்.

பேசுவதற்கென்று நான் போகவில்லை. வாணியும் நானும் வழியில் திருப்பூரில் இறங்கி, அளவு கேட்டுவைத்திருந்தபடி எடுத்துக்கொண்டு போனோம். கரும்பச்சைப் பேண்ட், மடிப்புத் தையலைக் காரிலேயே ஓட்டிவிட்டாள். வெளிர் சாம்பல் காலர் டீ ஷர்ட்.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்தினேன். டீ ஷர்ட்டைத் தூக்கி, இடுப்புப் பட்டையை இறக்கிக் காட்டினேன். வாணியைத் தவிர, ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர, யாரும் பார்த்ததில்லை. அவன் திரும்பி உட்கார்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இதோடயா மேடையில நின்னீங்க?"

"இதோடதான். இது எங்க போகும்?"

பேண்ட்டை வாங்கிக்கொண்டான். நான் வெளியே வந்து நின்றேன். அவனுடைய மனைவி காபி கொண்டுவந்தாள். உள்ளே பீரோக் கதவு திறக்கிற சத்தம், அதில்தான் கண்ணாடி. காபி ஆறிப்போனது.

வந்தான். நிமிர்ந்து வரவில்லை, கதவு நிலையில் ஒரு கை வைத்துக்கொண்டு வந்தான். "தெரியுதுங்களாண்ணா?" என்றான்.

அவனைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். ஷூ மட்டும் வெள்ளையாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நாளை மறுநாள் ஸ்கூலுக்குப் போகிறேன் என்றான். அவன் மனைவி உள்ளே போய்விட்டாள்.

பையன் உயரம், தோளும் அகலம். கரும்பச்சை அவன் நிறத்துக்கு அப்படி ஒட்டிக்கொண்டது. என்னைவிட அவனுக்குத்தான் நன்றாக இருந்தது. அதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை.